வீசும் முன் பார்க்க வேண்டிய வட்டுகள்: மறுபதிப்பு காணாத தமிழ்ப் படங்களை யார் காப்பது?

ஸ்ரீ கெம்பாங்கான் - தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போதும், வாடகை வீட்டிலிருந்து புதிய அடுக்குமாடிக்கு மாறும்போதும், ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத் தமிழர் வீடுகளிலிருந்து முதலில் வெளியேறும் பொருள்களில் ஒன்று பழைய பட வட்டுப் பெட்டி. தொலைக்காட்சி மேசையின் அடித்தட்டில் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த விசிடி, டிவிடிகள் அவை. போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. பிள்ளைகளுக்கு ஆர்வமும் இல்லை. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் அழைத்துக்கொண்டு தாமானைச் சுற்றும் லாரி பழைய நாளிதழையும் இரும்பையும் நிறுத்து வாங்கும். பட வட்டுக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. கடைசியில் குப்பைத் தொட்டிதான்.

பெரும்பாலான வட்டுகளைப் பொறுத்தவரை இதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால், அந்தப் பெட்டியில் இருக்கும் சிலவற்றை இனி யாரும் அச்சடிக்கப் போவதில்லை. அவை இணையத்திலும் கிடைக்காமல் போகலாம். திரையரங்குக்கு வந்த பிரதி எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு படத்தின் கடைசிப் பிரதிகளில் ஒன்று சாதாரணக் குடும்பம் ஒன்றின் அலமாரியில் இருக்கக்கூடும். மலேசியத் தமிழர்களே எடுத்த படங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். எதை வீசலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும், வைத்திருப்பதை யாரிடம் சேர்ப்பது என்ற 3 கேள்விகளுக்கும் நம் சமூகம் இப்போதே பதில் தேட வேண்டியிருக்கிறது.

திடலிலிருந்து வரவேற்பறைக்கு

தோட்டத்தில் படம் பார்ப்பது ஒரு காலத்தில் ஊர் கூடிச் செய்த காரியம். நடமாடும் பட வண்டிகள், திரையும் கருவியுமாகத் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் சென்றன. திடலில் வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்து, திரைக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து படம் பார்த்த நினைவு மூத்த தலைமுறைக்கு இன்றும் இருக்கிறது. அதன் பிறகு வீடியோ நாடா வந்தது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருக்களில் நாடா வாடகைக் கடைகள் பெருகின.

நாடாவின் இடத்தைப் பிடித்தது விசிடி. 1993-இல் வரையறுக்கப்பட்ட இந்தத் தொழில்நுட்பம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிதாக வேரூன்றவில்லை. ஆசியாவில் அது வீடு வீடாகப் புகுந்தது. காரணம் எளிது. வட்டும் மலிவு, கருவியும் மலிவு. நம் நாட்டின் ஈரக்காற்றில் நாடாவைப் போல் பூஞ்சணம் பிடித்துச் சிக்கிக்கொள்ளாது. பின்னுக்குச் சுற்றவும் வேண்டியதில்லை. ஒரு வட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால், இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் 2 அல்லது 3 வட்டுகளாக வந்தது. சண்டைக்காட்சி சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்து போய் அடுத்த வட்டை மாற்றிய அனுபவம் இல்லாத வீடு குறைவு.

1996-இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி அதைவிடத் துல்லியமான படத்தைத் தந்தது. ஒரே வட்டில் முழுப் படமும் அடங்கியது. ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக ஆங்கில வரிகளுடன் டிவிடிகளை வெளியிட்டன. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளையும் தாத்தாவோடு உட்கார்ந்து பழைய படத்தைப் பார்க்க அந்த வரிகள் வழி செய்தன. 2007-இல் இந்தியாவின் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, களவு வட்டின் விலைக்கே அசல் வட்டு கிடைத்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. மோசர் பேயர் கடனில் மூழ்கி, 2018-இல் கலைப்புக்கு உத்தரவிடப்பட்டது. அமெரிக்காவில் அஞ்சல்வழி வட்டு வாடகையில் வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை மூடியது. அந்நாட்டின் பெரிய மின்னணுக் கடையான பெஸ்ட் பை, 2024-இல் பட வட்டு விற்பனையைக் கைவிட்டது. எல்ஜி நிறுவனம் புளூ-ரே கருவி உற்பத்தியை நிறுத்தியது. சோனி, வீட்டில் பதிவு செய்யும் புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு முடித்துக்கொண்டது. வட்டும் நிற்கிறது, அதைப் போட்டுப் பார்க்கும் கருவியும் நிற்கிறது.

ஏன் மறுபதிப்பு வருவதில்லை?

ஒரு படத்தின் உரிமை ஒரே கையில் இருப்பதில்லை. திரையரங்கு உரிமை ஒருவரிடம், தொலைக்காட்சி உரிமை வேறொருவரிடம், வட்டு உரிமை மற்றொரு நிறுவனத்திடம், இணைய உரிமை இன்னொருவரிடம் என்று பிரிந்து கிடக்கும். வட்டு உரிமை பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டும் விற்கப்படும். வாங்கிய நிறுவனம் மூடப்பட்டாலோ, தயாரிப்பாளர் மறைந்துவிட்டாலோ, மறுபதிப்புக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதே தெரியாமல் போகும். அனுமதி கிடைத்தாலும், தொழிற்சாலையில் வட்டு அச்சடிக்க நூற்றுக்கணக்கிலாவது எண்ணிக்கை வேண்டும். 50 பேர் மட்டும் தேடும் படத்துக்கு அந்தச் செலவைச் செய்ய எந்த வணிகரும் முன்வர மாட்டார்.

ஆகவே, ஒரு தமிழ்ப் பட வட்டு கடையில் தீர்ந்துவிட்டால், அது நிரந்தரமாகத் தீர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதன் பிறகு இருப்பவை வீடுகளில் இருக்கும் பிரதிகள் மட்டுமே.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே?

இளையோர் கேட்கும் இயல்பான கேள்வி இது. கைப்பேசியைத் தட்டினால் ஆயிரம் படம் வரும்போது வட்டு எதற்கு?

அண்மையச் சம்பவங்கள் இதற்குப் பதில் சொல்கின்றன. நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில், 2024 ஜனவரியில், அங்கிருந்து நீக்கப்பட்டது. சந்தா கட்டியவர்களும் அதைப் பார்க்க முடியவில்லை. அஜித்குமார் நடித்த 'குட் பேட் அக்லி' 2025 செப்டம்பரில் அதே தளத்திலிருந்து இறக்கப்பட்டது. இளையராஜாவின் பாடல்களைப் பயன்படுத்தியது தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். பார்வையாளர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: தளத்தில் இருக்கும் படம் நம்முடையது அல்ல, எந்த நாளிலும் அது இல்லாமல் போகலாம்.

இதைவிடக் கவலை தருவது 'அம்பிகாபதி' விவகாரம். தனுஷ் நடித்து 2013-இல் இந்தியில் வெளிவந்த 'ராஞ்ஜனா' படத்தின் தமிழ்க் குரல்மாற்றுப் பதிப்பு அது. மூலப் படத்தில் நாயகன் இறந்துவிடுவான். 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அந்தத் தமிழ்ப் பதிப்பு மீண்டும் திரையரங்குக்கு வந்தபோது, செயற்கை நுண்ணறிவு கொண்டு முடிவு மாற்றப்பட்டு நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் இதை வெளிப்படையாகக் கண்டித்தனர். ஆனாலும் மாற்றப்பட்ட படம் ஓடியது. இனி எந்தப் பழைய படத்துக்கும் இது நேரலாம். மூலப் படம் எப்படி முடிந்தது என்று நாளை ஒரு சர்ச்சை எழுந்தால், யாரும் தொலைவிலிருந்து திருத்த முடியாத சான்று, அன்று அச்சடிக்கப்பட்ட வட்டுதான்.

மலேசியத் தமிழர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. மலேசியத் தமிழரின் வாழ்வை மையமாக வைத்து 2016-இல் வந்த 'கபாலி' இந்தியாவில் ஒரு விதமாகவும் நம் நாட்டுத் திரையரங்குகளில் வேறு விதமாகவும் முடிந்தது. இங்கே, நாயகன் காவல்துறையிடம் சரணடைந்தான் என்ற அறிவிப்பு இறுதியில் சேர்க்கப்பட்டது. இந்தியப் பதிப்பை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு, மலேசிய ரசிகர்கள் எந்த முடிவைப் பார்த்துவிட்டு அரங்கை விட்டு வெளியே வந்தார்கள் என்பது தெரியாது. நம் நாட்டுப் பதிப்பை நாம் வைத்திருக்காவிட்டால் வேறு யாரும் வைத்திருக்கப் போவதில்லை.

யூடியூப்பில் பழைய படங்கள் கிடைக்கின்றனவே என்று சொல்லலாம். அவற்றில் பல, யாரோ ஒருவர் தம் வீட்டு விசிடியிலிருந்தோ டிவிடியிலிருந்தோ ஏற்றியவை. உரிமையாளர் புகார் செய்தாலோ, ஏற்றியவரின் கணக்கு முடங்கினாலோ அதுவும் போய்விடும். இணையத்தில் இருக்கும் பழைய படத்துக்கும் பல வேளைகளில் மூலம் ஒரு வட்டுதான்.

நாம் எடுத்த படங்கள் எங்கே?

தமிழ்நாட்டுப் படங்களைப் பற்றிக் கவலைப்பட அங்கே 7 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். மலேசியத் தமிழ்ப் படங்களைப் பற்றிக் கவலைப்பட நம்மைத் தவிர யாரும் இல்லை.

மலேசியாவின் முதல் தமிழ்ப் படமாகப் பட்டியல்களில் குறிக்கப்படுவது 1968-இல் வந்த 'இரத்தப்பேய்'. 1991-இல் சுகன் பஞ்சாட்சரம் இயக்கிய 'நான் ஒரு மலேசியன்' வெளிவந்தது. 2005-இல் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' வந்தது. 1960-களின் தோட்டச் சூழலில், மேற்படிப்புக் கனவு காணும் ஒரு பெண்ணின் கதை அது. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளில் தத்தளித்த 1990-களின் தொடக்கத்தை, அப்போய் என்ற 12 வயதுச் சிறுவன் வழியே காட்டியது. 2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழிப் படங்களையும் பிற மொழிப் படங்களையும் தனித்தனிப் பிரிவாக வைத்தது பெரும் சர்ச்சையானது. அந்த ஏற்பாடு மாற்றப்பட்ட பிறகு, சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 'ஜகாட்'தான்.

இவற்றோடு தொலைக்காட்சிப் படங்கள், மேடை நாடகப் பதிவுகள், உள்ளூர்க் கலைஞர்களின் பாடல் வட்டுகள், தோட்டக் கோயில் திருவிழாப் பதிவுகள், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்கள் ஆகியவையும் உண்டு. உள்ளூர் ஒளிப்பதிவாளர் 50, 100 என்று பதிவு செய்து கொடுத்த வட்டுகள் அவை. மறுபதிப்பு என்ற பேச்சுக்கே அவற்றில் இடமில்லை.

இந்த வட்டுகள் தொலைவதற்கும் தோட்டங்கள் தொலைந்ததற்கும் தொடர்பு இருக்கிறது. ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே புத்ரா ஜெயா உருவானபோது பிராங் பெசார், காலவே, மெடிங்லி, செஜ்லி ஆகிய 4 தோட்டங்கள் இடம் கொடுத்தன. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இதுபோன்ற இடமாற்றங்கள் நடந்திருக்கின்றன. லயத்து வீட்டிலிருந்து சிறிய மலிவு வீட்டுக்கு மாறும் குடும்பம் முதலில் எதை விட்டுச் செல்லும்? சாமி படத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொள்ளும். பழைய வட்டையும் நாடாவையும் விட்டுவிடும். அந்தத் தோட்டத்தின் கடைசித் தீமிதித் திருவிழா அந்த வட்டில் இருந்திருக்கலாம்.

ஈயக் குட்டையில் முடிந்த வரலாறு

இந்த மண்ணில் ஏற்கனவே நடந்த ஓர் இழப்பு இங்கே நினைவுகூரத் தக்கது. இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ் இயக்கி, மரியா மெனாடோ நடித்து 1957-இல் வெளிவந்த 'பொந்தியானாக்' மலாய்ப் படம் வசூலில் பெரும் வெற்றி பெற்றது. இன்று அதன் முழுப் பிரதி இல்லை. பயன்படாமல் கிடந்த ஓர் ஈயக் குட்டையில் படச்சுருள் வீசப்பட்டதாகத் திரை வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஈய லம்பம் இருந்த இடத்தில் 'தி மைன்ஸ்' பேரங்காடி எழுந்து நிற்பதை அன்றாடம் பார்க்கும் ஸ்ரீ கெம்பாங்கான் மக்களுக்கு, குட்டை மூடப்பட்டால் உள்ளே போனது திரும்பாது என்பது சொல்லாமலே விளங்கும்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று பார்க்கப் பிரதி இல்லை. 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற தம் படங்களின் மூல நெகடிவ் இப்போது இல்லை என்று, 2014-இல் மறைந்த இயக்குநர் பாலு மகேந்திரா வருந்திப் பேசியதுண்டு. 1930-களின் படம் போனது பழைய கதை என்று விட்டுவிடலாம். 'வீடு' 1988-இல் வந்த படம். மலேசியாவில் வீடியோ கடைகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது.

பிழைத்த படங்களும் திட்டமிட்டுப் பிழைக்கவில்லை. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர் ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற 1933-ஆம் ஆண்டு மௌனப் படம் இன்றும் இருப்பதற்குக் காரணம் ஒரு வழக்கு. நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் நீதிமன்றம் போனது. படச்சுருள் அந்தப் பதிப்பகத்தின் வசமே தங்கிவிட்டது. 1974-இல் அதை இந்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்தது. திரையரங்கில் தொடர்ந்து ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கக்கூடிய படம், முடக்கப்பட்டதால் பிழைத்தது. ஒரு மூலையில் யாரும் தொடாமல் கிடந்த பிரதிதான் வரலாற்றைக் காப்பாற்றியது. வீட்டு அலமாரியில் கிடக்கும் வட்டுக்கும் அந்த வாய்ப்பு உண்டு.

விலை எதற்கு, மதிப்பு எதற்கு?

'அபூர்வ வட்டு' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பணம். இங்கே சில உண்மைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எம்ஜிஆர், சிவாஜி, ரஜினி, கமல் ஆகியோரின் பெரிய வெற்றிப் படங்கள் ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. அவற்றின் விசிடிக்கு இன்று விலை எதிர்பார்க்க முடியாது. இணையச் சந்தைகளில் ஒருவர் ஒரு வட்டுக்கு 200 வெள்ளி என்று போட்டிருந்தால், அது அவர் கேட்கும் விலை மட்டுமே. அந்த விலைக்கு விற்றதா என்பதுதான் கேள்வி. வாங்குவோர் சிலரே இருக்கும் சந்தையில், 2 பேர் ஒரே பொருளைத் தேடினால் விலை ஏறும். அவர்கள் வாங்கிவிட்டால் இறங்கிவிடும்.

தேடுவோர் பார்ப்பவை இவை: வட்டு அசலா, எல்லா வட்டுகளும் இருக்கின்றனவா, அட்டையும் உறையும் கூடவே இருக்கின்றனவா, கீறல் எவ்வளவு, ஆங்கில வரிகள் உண்டா, அதே படம் வேறு வடிவில் கிடைக்கிறதா. 3 வட்டுப் படத்தில் 2-ஆவது வட்டு இல்லாவிட்டால் விலை ஏறக்குறையப் போய்விடும்.

அசலை அறிய எளிய வழிகள் உள்ளன. களவு வட்டுகளைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒளிவட்டுச் சட்டம் வந்தது. அதன்படி உரிமம் பெற்ற தொழிற்சாலை தன் அடையாளக் குறியீட்டை வட்டில் பதிக்க வேண்டும். நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் நுண்ணிய எழுத்துகளாக அது தெரியும். 2003 முதல் அசல் வட்டுகளின் உறையில் ஒளிரும் முப்பரிமாண முத்திரை ஒட்டுவதும் கட்டாயமானது. பழைய முத்திரை ஒட்டிய உறை இருந்தால் அதைக் கிழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

விலையை விட்டுவிட்டு மதிப்பைப் பார்த்தால் கணக்கு வேறு. 3 வகை வட்டுகளை வீசவே கூடாது. முதலாவது, மலேசியத் தமிழர் எடுத்த எதுவும்: படம், நாடகம், பாடல், திருவிழா, பள்ளி நிகழ்ச்சி. இரண்டாவது, மற்ற இடங்களில் கிடைக்கும் பதிப்பிலிருந்து நீளத்திலோ முடிவிலோ பாடலிலோ வேறுபடும் பதிப்பு. மூன்றாவது, மூலச் சுருள் இல்லை என்று இயக்குநரோ தயாரிப்பாளரோ சொன்ன படம். இவற்றுக்குச் சந்தையில் 5 வெள்ளிகூடக் கிடைக்காமல் போகலாம். தோட்டக் கோயில் விழா வட்டை யார் வாங்குவார்? ஆனால் அந்தத் தோட்டமே இல்லாமல் போன பிறகு, அந்த மக்களின் முகமும் பேச்சும் உறுமிச் சத்தமும் வேறெங்கும் கிடைக்காது.

களவு வட்டு என்ற சிக்கல்

நம் வீடுகளில் இருப்பவற்றில் பாதி களவு வட்டுதானே என்று கேட்கலாம். உண்மைதான். பசார் மாலாமில் 5 வெள்ளிக்கு வாங்கியவை பல. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி களவுப் பிரதியை விற்பது குற்றம். ஒரே படைப்பின் 3 அல்லது அதற்கு மேற்பட்ட களவுப் பிரதிகள் ஒருவரிடம் இருந்தால், அவை சொந்த உபயோகத்துக்கு அல்ல என்றே சட்டம் அனுமானிக்கும். ஆகவே, பழைய களவு வட்டுகளை 'அபூர்வப் பொருள்' என்று விற்கக் கிளம்புவது சிக்கலை விலைக்கு வாங்குவதாகும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் வளராமல் போனதற்குக் களவு வட்டும் ஒரு காரணம். கடன் வாங்கிப் படம் எடுத்தவர், அசல் வட்டை விற்க முடியாமல் முடங்கினார். அவர் அச்சடித்தது குறைவு என்பதால்தான் இன்று அந்தப் படம் அரிதாகிவிட்டது. அன்று அசலை வாங்காமல் விட்ட சமூகம், இன்று அசலைத் தேடுகிறது.

பதிப்புரிமைக் காலமும் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. மலேசியச் சட்டத்தில் படத்தின் உரிமைக் காலம், அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். 2005-இல் வந்த படத்தின் உரிமை 2055 வரை இருக்கும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அதைத் திரையிடலாம், பிரதி எடுக்கலாம். ஆனால் அதுவரை ஒரு நல்ல பிரதி தங்கியிருக்க வேண்டுமே.

வட்டுக்கும் வயது உண்டு

தொழிற்சாலையில் அச்சடித்த வட்டும் வீட்டுக் கணினியில் எழுதிய வட்டும் ஒன்றல்ல. முதலாவதில் தகவல் பிளாஸ்டிக்கில் குழியாகவே பதிந்திருக்கும். அதன்மேல் அலுமினியப் பூச்சு இருக்கும். இரண்டாவதில் சாயப் பூச்சு ஒன்றில் ஒளியால் எழுதப்பட்டிருக்கும். சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். திருமண, கோயில், பள்ளி வட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அவற்றைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

பின்பக்கத்தில் பழுப்பு நிறமோ, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகளோ தெரிந்தால் பூச்சு அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நூலைப் போல் நிற்க வைக்க வேண்டும். வெயில் படும் இடமும் கார் பெட்டியும் ஆகாது. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். எழுத்துப் பக்கத்தில் காகிதம் ஒட்டக் கூடாது. சொந்தக் குடும்ப, விழாப் பதிவுகளை உடனே கணினிக்கும் தனி வன்தட்டுக்கும் மாற்றி, 2 இடங்களில் வைப்பது பாதுகாப்பு. நன்றாக ஓடும் பழைய கருவி ஒன்று வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்து வீசிவிட வேண்டாம்.

சேர்க்க வேண்டிய இடம்

சட்டம் ஏற்கனவே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், நாட்டில் வெளியிடப்படும் நூல்களை மட்டுமன்றி ஒலி, ஒளிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கும் பொறுப்பை வெளியீட்டாளர் மீது வைக்கிறது. இந்தியாவிலிருந்து இறக்குமதியான வட்டுக்கு இது பொருந்தாது. இங்கே வெளியான தமிழ் வட்டுக்குப் பொருந்தும். ஒவ்வொரு மலேசியத் தமிழ்த் தயாரிப்பாளரும் தம் படம் அங்கே சேர்க்கப்பட்டுள்ளதா என்று ஒரு முறை சரிபார்த்தாலே பாதி வேலை முடியும். தேசிய ஆவணக் காப்பகம், 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஃபினாஸ், 1956 முதல் இயங்கும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை ஆகியவையும் அணுகப்பட வேண்டிய இடங்கள். அரசாங்கம் தேடி வந்து வாங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை; சமூகம் பட்டியலோடு போனால்தான் பேச்சு நகரும்.

தனி மனிதரின் சேகரிப்பு பொது நிறுவனமாக வளர முடியும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல், இதழ், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பையாகக் கருதியவற்றைச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது. இன்று தமிழ் ஆய்வாளர்கள் உலகம் முழுவதிலுமிருந்து அங்கே வருகிறார்கள். பழைய பாட்டுப் புத்தகத்துக்கு அந்த மரியாதை கிடைத்தது என்றால், மலேசியத் தமிழ்ப் பட வட்டுக்கும் கிடைக்க முடியும்.

முதல் வேலைக்குப் பெரிய மானியமோ கட்டடமோ தேவையில்லை. பட்டியல் ஒன்றுதான் தேவை. தாமான் சங்கமோ, ஆலய நிர்வாகமோ, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் அமைப்போ, உயர்கல்விக்கூடத் தமிழ் மன்றமோ ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தொடங்கலாம். படத்தின் பெயர், ஆண்டு, வெளியிட்ட நிறுவனம், எத்தனை வட்டு, ஓடுகிறதா, யார் வீட்டில் இருக்கிறது என்ற 6 விவரங்கள் போதும். வட்டு உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால், அவர் வீடு மாறும் நாளில் ஒருவராவது அவரைக் கேட்பார். பி40 பிரிவுக் குடும்பமோ வசதியானவரோ, பட்டணமோ தோட்டமோ, இந்தப் பட்டியலில் எல்லார் வீட்டுக்கும் ஒரு வரி உண்டு.

மூத்தோரைக் கேட்க வேண்டியதும் இப்போதுதான். எந்தப் படம் எந்தத் தோட்டத்தில் எடுக்கப்பட்டது, கூட்டத்தில் நின்றவர் யார், விழாவில் கரகம் எடுத்தவர் யார் என்பதை வட்டு தானாகச் சொல்லாது. அதைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வட்டைப் போட்டுக் காட்டி, பெயர்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.